வாடிச் சோலாரில் லித்தியம் பொஸ்பேட்டும் பழைய லப்டொப் செல்லும்: ஒரே பஸ்பாரில் போடலாமா?

04.05.2025, பின்னேரம். கேள்வி

மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் வயல்வாடி, வயலில் தங்கும் குடில். கரன்ட் கம்பி வரவில்லை. 24 வோல்ட் சோலார்: 330 வாட்ஸ் பனல் இரண்டு, 40 அம்பியர் எம்பிபிடி (பனலின் முழு வலுவையும் எடுக்கும் வகை) கொன்ட்ரோலர், 1500 வாட்ஸ் இன்வேர்ட்டர், 280 ஏஎச் (அம்பியர் மணி) லித்தியம் பொஸ்பேட் செல் எட்டு தொடரில். மாரியில் மூட்டம் போட்டால் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. இப்போது லப்டொப் பற்றரிகளில் கழற்றிய செல்லால் கட்டின 7எஸ்20பி பேக் (இருபது செல் சமாந்தரத்தில் ஒரு குழு, அப்படி ஏழு குழு தொடரில்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரண்டும் 24 வோல்ட், இரண்டும் லித்தியம், இரண்டிலும் பிஎம்எஸ் (செல் எல்லை மீறினால் பேக்கை வெட்டிவிடும் காவல் பலகை) இருக்கு. சமாந்தரமாகக் கட்டிவிட்டால் முடிந்ததுதானே?

04.05.2025, இரவு

முடியவில்லை தம்பி. வோல்டேஜ் கணக்கில் இரண்டும் பொருந்தும். ஆனால் நிரந்தரமாக ஒரே பஸ்பாரில், அதாவது வயரெல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டியில், விட்டுவிட்டுப் போகிற வேலை இது இல்லை. தொடரில் கலப்பதோ எந்தக் காரணத்துக்கும் கூடாது, அதைப் பற்றிப் பிறகும் பேசத் தேவையில்லை.

முதலில் ஏன் பொருந்துகிறது என்று பார்ப்போம். லித்தியம் பொஸ்பேட் செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.2, உச்சம் 3.65. லப்டொப் செல் கோபால்ட் அல்லது என்எம்சி (நிக்கல், மங்கனீஸ், கோபால்ட்) வகை; பெயரளவு 3.6 அல்லது 3.7, உச்சம் 4.2. எட்டுப் பொஸ்பேட் தொடரில் 25.6 வோல்ட், ஏழு என்எம்சி தொடரில் 25.9. கொன்ட்ரோலரை 27.6 வோல்ட்டில் நிறுத்தினால் பொஸ்பேட் செல்லுக்கு 3.45, என்எம்சிக்கு 3.94. முன்னதுக்கு அது கிட்டத்தட்ட நிறைவு. பின்னதுக்கு முக்கால்வாசிக்குச் சற்று மேல், ஆயுளுக்கு மிக நல்ல இடம். கீழே 24.4 வோல்ட்டில் இன்வேர்ட்டரை நிறுத்தினால் பொஸ்பேட் 3.05, என்எம்சி 3.49. இரண்டுமே காலியாகும் ஓரத்தில் நிற்கும், காயப்படாது. 48 வோல்ட்டிலும் இதே விகிதம்தான்: 16 பொஸ்பேட்டுக்கு 14 என்எம்சி.

சரி, பிறகு என்ன கேடு? நடுவில் நடப்பதுதான். நாளைக்கு எழுதுகிறேன்.

05.05.2025

பொஸ்பேட்டின் வோல்டேஜ் கோடு நடுவில் வயல் வரம்பு மாதிரித் தட்டையாகக் கிடக்கும். நிறைவில் கொஞ்சம் மேலே, காலியாகும்போது சரேலென்று கீழே, இடையில் அசைவே இல்லை. என்எம்சியின் கோடு மேலிருந்து கீழ்வரை சாய்ந்தபடி இறங்கும். இரண்டையும் ஒரே பஸ்பாரில் பூட்டினால் பஸ்பாரின் வோல்டேஜைப் பெரியவர்தான் தீர்மானிப்பார், அதாவது 280 ஏஎச் பொஸ்பேட்.

பொழுதுபட்டு சார்ஜ் நின்றதும் பொஸ்பேட் 26.7 அளவில் வந்து உட்காரும். என்எம்சி 27.6இல் இருந்தது, அதுவும் அந்த அளவுக்கு இறங்க வேணும். ஆகவே முதல் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் லோடை என்எம்சிதான் கூடுதலாகச் சுமக்கும். மிச்சத்தைப் பொஸ்பேட்டுக்குள்ளேயே ஊற்றும். உங்கள் 20பி பேக்கில் செல்லுக்கு 2.2 ஏஎச் மிச்சம் இருக்கிறது என்று வைத்தால் மொத்தம் 44 ஏஎச். அதில் ஏழு ஏஎச் அளவு இப்படிப் போகும்.

பிறகு 26.6இலிருந்து 25.6 வரை பொஸ்பேட் 170 ஏஎச்சுக்கு மேல் கொடுக்கும். அதே இடைவெளியில் என்எம்சி கொடுப்பது ஒன்பது ஏஎச் போல. நள்ளிரவு முழுக்க அது பஸ்பாரில் சும்மா நிற்கிறது. கடைசியில் 25.6இலிருந்து 24.4க்கு இறங்கும்போது திரும்ப முழித்து ஒரு பன்னிரண்டு ஏஎச் தரும்.

மொத்தம் ஏறத்தாழ 28 ஏஎச், 0.73 யூனிட். இந்த எண்ணை மறக்காதீர்கள், பிறகு இதுக்குத் திரும்ப வருவோம்.

05.05.2025, இரவு

பிஎம்எஸ் இரண்டிலும் இருக்கிறதே என்று கேட்டீர்கள். உண்மையான ஆபத்து அந்த இரண்டு பிஎம்எஸ்ஸாலேயே வருகிறது.

ஒன்றுக்கொன்று பேசாத இரண்டு பிஎம்எஸ். பொஸ்பேட்டில் ஒரே ஒரு செல் பலவீனம் என்று வைப்போம். இரவில் அந்தச் செல் 2.8க்கு இறங்கியதும் அதன் பிஎம்எஸ் வெட்டிவிடும். இன்வேர்ட்டருக்கு இது தெரியாது. ஈய பற்றரிக்கென்று வைத்த 21, 22 வோல்ட் வெட்டுடன் வந்த இன்வேர்ட்டர் என்றால் தொடர்ந்து ஓடும், இப்போது முழு லோடும் என்எம்சி தலையில். அது 22 வோல்ட் வரை போகும். இதற்கிடையில் லோட் இல்லாமல் இருக்கிற பொஸ்பேட் ஓய்வில் 25 வோல்ட்டுக்கு எழும்பிவிடும். பிஎம்எஸ் "சரி, தேறிவிட்டது" என்று திரும்பப் பூட்டும். அந்த நொடியில் இரண்டுக்கும் 3 வோல்ட் வித்தியாசம்.

இனி அகத்தடையைப் பாருங்கள். 280 ஏஎச் செல் ஒன்றுக்குக் கால் மில்லி ஓம், எட்டுக்கு 2. வயர், பிஎம்எஸ், பியூஸ் சேர்த்து 5 மில்லி ஓம் என்று வைக்கலாம். லப்டொப் செல் ஒன்றுக்கு 50 மில்லி ஓம், இருபது சமாந்தரத்தில் 2.5, ஏழு தொடரில் 17.5, வயருடன் 22. மொத்தம் 27 மில்லி ஓம். 3 வோல்ட்டை 0.027ஆல் பிரித்தால் 111 அம்பியர். செல்லுக்கு ஐந்தரை அம்பியர் சார்ஜ். பழைய லப்டொப் செல்லுக்கு ஒரு அம்பியரே போதும் போதும் என்கிற அளவு. காலியாகக் கிடக்கும் வயசான செல்லுக்குள் ஐந்து மடங்கு கரன்ட் பாய்ந்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் பயம்.

07.05.2025

அக்கரைப்பற்றிலிருந்து நானா ஒருவர் எழுதியிருக்கிறார்: "நாங்க ரெண்டையும் சேத்துத்தான் ஓட்டுறம், ஒண்டும் நடக்கல்ல. சும்மா பயங்காட்டாதீங்க."

நம்புகிறேன் நானா. பொஸ்பேட் செல் எட்டும் ஒரே தொகுதியில் புதுசாக வந்ததாக இருந்தால், இன்வேர்ட்டர் வெட்டு பிஎம்எஸ் வெட்டுக்கு மேலே இருந்தால், பிஎம்எஸ் ஒருநாளும் வெட்டவே வெட்டாது. வெட்டாதவரை ஒன்றும் நடக்காது. ஆகவே சேர்த்துத்தான் ஓட்டுவேன் என்பவர்கள் இவற்றையாவது செய்யுங்கள்.

இன்வேர்ட்டர் வெட்டு 24.4. திரும்பப் பூட்டுவது 26.0க்குக் குறையாமல். இந்த எண்ணை மாற்ற முடியாத மலிவு இன்வேர்ட்டர் என்றால் தனியே ஒரு வோல்டேஜ் றிலே போட்டு இன்வேர்ட்டரின் ரிமோட் சுவிட்சை வெட்டுங்கள்.

பொஸ்பேட் பிஎம்எஸ்ஸில் செல் உச்சம் 3.60, மீட்பு (வெட்டிய பின் திரும்பப் பூட்டுவது) 3.45, அடி 2.80, மீட்பு 3.10. என்எம்சியில் உச்சம் 4.15, மீட்பு 4.05, அடி 3.10, மீட்பு 3.30. கொன்ட்ரோலரில் அப்சோர்ப்ஷன் (நிறைக்கும் கட்டம்) 27.6, முக்கால் மணித்தியாலம். ஃபுளோட் (நிறைந்த பின் பிடித்து வைக்கும் கட்டம்) 26.8. ஈக்குவலைசேஷன் (ஈய பற்றரிக்கு இடைக்கிடை கூடின வோல்டேஜ் ஏற்றுவது) கட்டாயம் நிறுத்த வேணும். வெப்பநிலை ஈடுகட்டல் பூச்சியம். ஈய பற்றரிக்கான அந்த வசதியை அப்படியே விட்டால் சூட்டுக்கும் குளிருக்கும் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை, நல்ல வெயில் நாளில், பக்கத்தில் இருந்து பார்த்தபடி 28.0க்கு ஏற்றி பொஸ்பேட் செல்களைச் சமப்படுத்துங்கள். அப்போதும் என்எம்சி செல்லுக்கு 4.0தான், கவலை இல்லை.

ஒவ்வொரு பேக்குக்கும் தனி பியூஸ், தனி பிரேக்கர். என்எம்சி கிளைக்கு 30 அம்பியர், அதுக்கு மேல் வேண்டாம். முந்தாநாள் எழுதிய 111 அம்பியரை நிறுத்தப்போவது அந்த பியூஸ்தான்.

08.05.2025

முதல் தடவை எப்படிச் சேர்ப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மீற்றரால் இரண்டு பேக்கையும் அளந்து, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் வராமல் நேரடியாகத் தொடுக்க வேண்டாம். 0.05 என்றால் பாய்வது இரண்டு அம்பியர்தான்.

வித்தியாசம் கூடவென்றால் லொறி ஹெட்லைட் பல்ப் ஒன்றை, 24 வோல்ட் 70 வாட்ஸ், நேர்முனைகளுக்கு இடையில் போடுங்கள். மறைமுனைகளை முதலில் சேர்த்துவிட வேணும். ஒன்றரை வோல்ட் வித்தியாசத்துக்குப் பல்ப் எரியாது. இழை சிவப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். "எரியவில்லை, ஆகவே கரன்ட் போகவில்லை" என்று எண்ணிப் பல்பைக் கழற்றி நேரடியாகத் தொடுத்துவிடாதீர்கள். குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு, கரன்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். பல்பைப் பார்க்காமல் மீற்றரைப் பாருங்கள். ஓர் இரவு முழுக்க விட்டால் சமப்படும். அந்த நேரம் சோலார் பிரேக்கரும் இன்வேர்ட்டரும் இறங்கியிருக்க வேணும்.

08.05.2025, இரவு

அவசரமாக ஒன்று. யானை வேலிக்கு 12 வோல்ட் எனர்ஜைசர் (கம்பிக்கு மின் அடி கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் லப்டொப் செல்லால் 3எஸ் பேக் கட்டி, அதைப் பழைய 12 வோல்ட் சோலார் கொன்ட்ரோலரில் பூட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கொன்ட்ரோலர் ஈய பற்றரிக்கு 14.4 வோல்ட் கொடுக்கும். மூன்றால் பிரித்தால் செல்லுக்கு 4.8. பிஎம்எஸ் ஒன்றுதான் இடையில் நிற்கிறது. அது பழுதானால் தீ. 4எஸ் கட்டினால் நிறைவில் 16.8, எனர்ஜைசர் தாங்காது. என்எம்சிக்கு 12 வோல்ட்டில் நல்ல எண்ணிக்கையே கிடையாது. வேலிக்கு நான்கு பொஸ்பேட் செல் தொடரில் போடுங்கள்: 12.8 வோல்ட், 13.8 அல்லது 14.0இல் சார்ஜ். இரவு முழுக்க வோல்டேஜ் அசையாது, ஆகவே வேலியின் அடியும் விடியும்வரை குறையாது. யானை வரும் நேரம் விடியற்காலைதான் என்று வயல்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

11.05.2025

வாகனங்களில் கழற்றின பற்றரி பற்றிக் கேள்விகள் சேர்ந்துவிட்டன.

ஆக்வா, பழைய ப்ரியஸ்: அது லித்தியமே இல்லை, நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். இந்தப் பேச்சுக்குள் வராது. பிஎம்எஸ், சார்ஜ் முறை எல்லாமே வேறு.

ஹொண்டா ஃபிட் ஜிபி5: லித்தியம்தான். 48 செல் தொடரில், 172.8 வோல்ட். ஆனால் 5 ஏஎச் மட்டும். முழுப் பேக்கையும் பிரித்து 14எஸ் மூன்றாகக் கட்டினாலும் முக்கால் யூனிட் அளவுதான் சேரும். ஒரு நொடியில் நிறையக் கரன்ட் கொடுக்கக் கட்டின செல் அது. இரவு முழுக்க விசிறி சுற்ற இல்லை. கழற்றும்போது 170 வோல்ட் நேரோட்டம் கையில். பேக்கைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டு, மீற்றரால் பார்த்த பிறகே கை வைக்க வேணும்.

நிசான் லீஃப்: இது உருப்படியான பொருள், 24 யூனிட் பேக்கில் 48 மொட்யூல். ஆனால் ஒவ்வொரு மொட்யூலும் உள்ளே 2எஸ்2பி. 24 வோல்ட் சிஸ்டத்துக்கு உங்களுக்குத் தேவை 7எஸ், அதாவது மூன்றரை மொட்யூல். மூன்று போட்டால் 6எஸ், நிறைவு 25.2, பொஸ்பேட்டோடு சேராது. நான்கு போட்டால் 8எஸ், நிறைவு 33.6, அதுவும் சேராது. நடு முனையிலிருந்து வயர் எடுத்து அரை மொட்யூலை மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலை செய்யும். ஆனால் பயன்படாத மற்றப் பாதி தன்பாட்டில் இறங்கிக்கொண்டே போகும், அதைக் கவனிக்க ஆள் இல்லை. லீஃப் வைத்திருப்பவர் 48 வோல்ட்டுக்குப் போவதே சரி: ஏழு மொட்யூல், 14எஸ், கச்சிதம். மொட்யூல்களை இரண்டு பக்கமும் தட்டு வைத்து நீளப் போல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே பை வகைச் செல், அழுத்தம் இல்லாவிட்டால் ஊதும்.

13.05.2025

தம்பியின் முதல் கேள்வியைத் திரும்ப வாசித்தேன். இவ்வளவு நேரமும் பற்றரியைப் பற்றியே பேசிவிட்டோம். உங்கள் குறை பற்றரியில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். எல்ஈடி பல்ப் ஆறு, ஒன்பது வாட்ஸ், ஐந்து மணித்தியாலம்: 0.27 யூனிட். விசிறி இரண்டு, 25 வாட்ஸ், பத்து மணித்தியாலம்: 0.5. சின்ன ஃபிரிட்ஜ் நம்முடைய சூட்டுக்கு அரை யூனிட். போன் சார்ஜ் சொற்பம். இதெல்லாம் 1.3 யூனிட். இத்தோடு இன்வேர்ட்டர் சும்மா இருக்கவே 20 வாட்ஸ் தின்னும். 24 மணித்தியாலத்துக்கு அரை யூனிட். நாளுக்கு 1.8.

பொஸ்பேட் பேக் 7.2 யூனிட், அதில் 80 வீதம் என்றால் 5.7. நிறைந்திருந்தால் வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்க வேணும். தாங்கவில்லை என்றால் மூட்டம் தொடங்கும்போதே அது நிறைந்திருக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும் நாட்களில் 660 வாட்ஸ் பனல் ஒரு நாளைக்கு 0.7 யூனிட் கொடுத்தாலே பெரிய காரியம். நாளுக்கு 1.1 யூனிட் கடன். மழை ஒரு வாரம் விடாமல் பெய்தால் எந்தப் பற்றரியாலும் அதைக் கட்ட முடியாது.

இனி 0.73 யூனிட்டுக்கு வருவோம். லப்டொப் பேக் அதை ஒரே ஒரு தடவை தரும், பத்து மணித்தியாலம் கூடுதலாக ஓடும், பிறகு அதுவும் காலி. இன்னும் இரண்டு 330 வாட்ஸ் பனல் போட்டால் அதே 0.7 யூனிட் ஒவ்வொரு மூட்ட நாளும் வரும். இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, பனலைப் போடுங்கள்.

நான்கு பனலை இரண்டு தொடர், இரண்டு சமாந்தரமாகக் கட்டினால் திறந்த வோல்டேஜ் 92 அளவில் வரும். 150 வோல்ட் கொன்ட்ரோலர் என்றால் நிம்மதி. 100 வோல்ட் கொன்ட்ரோலரிலும் நம் பக்கக் குளிருக்கு மீறாது, ஆனால் உங்கள் பனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக் கூட்டுங்கள். வெயில் நாளில் 1320 வாட்ஸில் 40 அம்பியருக்கு மேல் கொன்ட்ரோலர் எடுக்காது, மிச்சம் வீண். வீணாகட்டும். மழை நாளுக்குத்தானே போடுகிறோம். சரிவு பத்துப் பாகை, தெற்கு நோக்கி. அதுக்கும் குறைத்தால் புழுதியும் காக்கை எச்சமும் மழையில் கழுவுப்படாது.

விசிறியையும் பல்பையும் இன்வேர்ட்டர் வழியாக ஓட்டாமல் 24 வோல்ட்டில் நேரடியாக ஓட்டி, ஃபிரிட்ஜும் டீசி ஃபிரிட்ஜ் என்றால், இன்வேர்ட்டரை நிறுத்தியே வைக்கலாம். அரை யூனிட் மிச்சம். ஒரு சதமும் செலவில்லாத பற்றரி அது.

16.05.2025

களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கா கேட்கிறார்: "அப்போ கையில இருக்கிற லப்டொப் பேக்கை எறியிறதா?"

எறியத் தேவையில்லை அக்கா. அதுக்குத் தனி வேலை கொடுங்கள். ஒரு பனல், லித்தியம் வோல்டேஜ் கையால் போடக்கூடிய சின்ன எம்பிபிடி ஒன்று, உச்சம் 28.0. அதிலிருந்து வாடியின் வெளி விளக்கும் ஒரு விசிறியும். பெரிய பற்றரியுடன் எந்தத் தொடர்பும் வேண்டாம். ஒன்று செத்தால் மற்றது வெளிச்சம் தரும். இருட்டில் யானை நிற்கிற இடத்தில் இரண்டாவது வெளிச்சத்தின் பெறுமதி யூனிட் கணக்கில் அடங்காது.

அதன் சக்தியைப் பெரிய பற்றரிக்கும் கொடுக்க வேணும் என்றால் இடையில் ஒரு டீசி-டீசி சார்ஜர். விக்ரன் ஓரியன் ஸ்மார்ட் 24க்கு 24, 12 அம்பியர் தனிமைப்படுத்திய வகை இதுக்குப் பொருந்தும். உள்ளே வருவது என்எம்சி, வெளியே போவது பொஸ்பேட்டுக்கு 27.6. உள்பக்க வோல்டேஜ் 24.5க்கு இறங்கினால் நிற்கவும் 26.5க்கு ஏறினால் தொடங்கவும் போடுங்கள். கரன்ட் ஒரே திசையில், 12 அம்பியர் அளவோடு நிற்கும். முந்தி எழுதிய 111 அம்பியர் கதை இங்கே நடக்க வழியில்லை. பத்து வீதத்துக்கு மேல் சூடாகப் போய்விடும், சார்ஜர் விலையும் சும்மா இல்லை. அந்தக் காசுக்குப் பனல் வரும் என்பதையும் யோசித்துவிட்டு வாங்குங்கள்.

21.05.2025

சூடு, உப்பு, பியூஸ். மூன்றையும் சேர்த்து.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 45 பாகை சாதாரணமாக வரும். லித்தியம் பொஸ்பேட் தாங்கும், ஆயுள் குறையும். என்எம்சி நிறைவான சார்ஜில் அந்தச் சூட்டில் கிடந்தால் ஆயுள் மிக வேகமாகக் கரையும். அதனால்தான் 3.94. பற்றரிப் பெட்டியைக் கூரையிலிருந்து தள்ளி, நிழல் சுவர்ப் பக்கம், கீழும் மேலும் காற்றோட்டத் துளையோடு வையுங்கள். துளைக்குக் கொசுவலைக் கம்பி அடித்துவிடுங்கள். பல்லி உள்ளே போய் பஸ்பாருக்குக் குறுக்கே நின்றால் பல்லியும் போகும் பியூஸும் போகும். எறும்பு றிலேயின் முனைகளுக்கு இடையில் கூடு கட்டும். பிறகு தொடுகை விழாது.

உயரமும் முக்கியம். 2011 வெள்ளத்தில் உங்கள் பக்கம் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டு, அதுக்கு ஒரு முழம் மேலே தட்டுப் போடுங்கள்.

கடற்கரை வாடிகளில், பாணமை, திருக்கோவில், வாகரை எல்லாம், உப்புக் காற்று செப்பு முனையில் ஒரு மழைகாலத்துக்குள் பச்சை பூத்துவிடும். வயர் நுனியில் அழுத்தும் லக்கின் கழுத்தில், வயர் உள்ளே நுழையும் இடத்தில்தான் முதலில் வரும். வெளியே பளபளவென்று இருக்கும், ரப்பரை விலத்திப் பார்த்தால் இழைகள் கறுத்துப் பொடியாகும். வெள்ளீயம் பூசின லக், நன்றாக அழுத்தி, பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். பொஸ்பேட் செல்லின் முனை அலுமினியம். பஸ்பார் வைக்கும் முன் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தொடுகைப் பசை மெல்லிசாகப் பூசி உடனே மூடுங்கள். எம்6 போல்ட்டை நான்கு முதல் ஐந்து நியூட்டன் மீற்றர், அதுக்கு மேல் இறுக்கினால் புரி கழன்றுவிடும், செல் வீண்.

பியூஸ்: இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பொஸ்பேட் பேக் முனையில் ஷோர்ட் ஆனால் 26 வோல்ட்டை 4 மில்லி ஓமால் பிரித்துப் பாருங்கள், 6500 அம்பியர். வாகனக் கடையில் விற்கும் மெகா பியூஸ் 32 வோல்ட்டில் 2000 அம்பியர் வரைதான் வெட்டும். அதுக்கு மேல் அது உருகின பிறகும் உள்ளே தீப்பொறி பாலம் கட்டிக் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டியது கிளாஸ் டி (Class T) பியூஸ், 20,000 அம்பியர் வெட்டக்கூடியது. கிடைக்காவிட்டால் நேரோட்டத்துக்கு மதிப்பிட்ட என்எச்00 பியூஸ், பீங்கான் உடம்பு, உள்ளே மணல். 1500 வாட்ஸ் இன்வேர்ட்டருக்கு 100 அல்லது 125 அம்பியர், 35 சதுர மில்லிமீற்றர் வயர், நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். என்எம்சி கிளைக்கு 6 சதுர மில்லிமீற்றர் போதும்.

இன்னொன்று: லப்டொப் செல் பேக்கைக் கிடுகுக் கூரைக்குக் கீழே, படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வாடிக்கு வெளியே இரண்டு மீற்றர் தள்ளி செங்கல் பெட்டி. சூடாகிப் புகைத்தால் மணல் போட்டு மூடினால் குளிராது, தண்ணீர் நிறைய வேணும். புகையைச் சுவாசிக்காமல் தள்ளி நில்லுங்கள்.

24.05.2025

எல்டிஓ, அதாவது லித்தியம் டைட்டனேட் செல், பற்றிச் சின்னதாக. செல்லுக்கு 2.4 வோல்ட், உச்சம் 2.8. 24 வோல்ட் பொஸ்பேட்டோடு பொருந்துவது பதினொன்று தொடரில்: 27.6இல் 2.51, 24.4இல் 2.22. சூட்டையும் வேகமான சார்ஜையும் நன்றாகத் தாங்கும், மூன்றிலும் பாதுகாப்பானது இதுதான். ஆனால் கனம், விலை, அதே இடத்துக்குப் பாதிக்கும் குறைந்த கொள்ளளவு. வாகன் ஆர் ஹைபிரிட்டில் வரும் சின்ன லித்தியம் பேக் இந்த வகைதான், ஐந்து செல். இரண்டு பேக்கைச் சேர்த்தால் பத்து, பதினொன்று ஆகாது. பத்தோடு 27.6 போட்டால் 2.76, உச்சத்தின் விளிம்பு. வீட்டுக்கு வேண்டாம்.

02.06.2025

தம்பி பனல் வாங்க முடிவெடுத்திருக்கிறார், லப்டொப் பேக்கை வெளி விளக்குக்குத் தனியாக வைக்கப்போகிறார். நல்லது. அந்தப் பேக்கை யாரோ கட்டிக் கொடுத்ததென்றால் பிரித்து ஒவ்வொரு செல்லையும் பார்த்த பிறகே பூட்டுங்கள். முதல் அளவில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை ஒதுக்குங்கள், சார்ஜ் ஏறினாலும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது கையில் சூடு தெரிகிறதா, அதுவும் வேண்டாம். 4.2க்கு ஏற்றி, இரண்டு கிழமை தனியே வைத்து, 4.1க்குக் கீழே இறங்கினால் அது தன்பாட்டில் கசியும் செல். ஒன்று போதும், சமாந்தரத்தில் இருக்கிற பத்தொன்பதையும் அது இழுத்து இறக்கும். மிச்சத்தை ஒரு அம்பியரில் 3.0 வரை இறக்கி ஏஎச் அளந்து, ஏழு குழுவுக்கும் கூட்டுத்தொகை ஒன்றாக வரும்படி பிரித்துக் கட்டுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் நேர்முனையில் மெல்லிய பியூஸ் வயர்.

நேர்முனையைச் சுற்றின விளிம்பில்தான் கவனம் வேணும்: நேர்முனையில் ஒட்டும் நிக்கல் பட்டிக்கும் செல்லின் உடம்புக்கும் இடையில் இருப்பது சுருங்கும் பிளாஸ்ரிக் தோலும் ஒரு காகித வளையமும் மட்டும். உடம்பு முழுக்க மறைமுனை. பழைய நிக்கல் பட்டியைப் பிடுங்கும்போது அந்தத் தோல் கிழிந்திருந்தால் புது வளையமும் புதுத் தோலும் போடாமல் தட்டில் ஏற்றாதீர்கள்.

03.06.2025

எந்தப் பிரேக்கரை முதலில் போடுவது என்று கேட்டதற்கு: பற்றரியை முதலில், கொன்ட்ரோலர் விழித்து 24 வோல்ட் என்று காட்டிய பிறகு சோலாரை, கடைசியில் இன்வேர்ட்டரை. நிறுத்தும்போது தலைகீழாக: இன்வேர்ட்டர், சோலார், பற்றரி. வெயில் ஏறியிருக்கும்போது பற்றரியை முதலில் வெட்டினால் கொன்ட்ரோலரின் வெளிவோல்டேஜ் ஒரு கணம் துள்ளும், இன்வேர்ட்டர் அதை வாங்கிக்கொள்ளும். இடி மின்னல் வரும் பின்னேரங்களில் இந்த மூன்றையும் இறக்கிவிட்டு, பனலிலிருந்து வரும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். சோலார் பிரேக்கர் இறங்கியிருந்தால்தான் பிளக்கைக் கழற்றலாம், கரன்ட் ஓடும்போது கழற்றினால் நேரோட்டத் தீப்பொறி விரலைச் சுடும்.